தீவு நாடுகளுக்கு எரிசக்திக் கொள்கை வேலை: சுவாவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, போகலாமா?

#1 நெய்தல்

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

9 வருடமாக ஒரு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் கட்டணப் பிரிவில் இருக்கிறேன். விநியோக நிறுவனம் கொண்டுவரும் வருவாய்த் தேவைக் கணக்கைப் பிரித்து மேய்வது, எந்தச் செலவை ஏற்கலாம் எதை வெட்டலாம் என்று குறிப்பு எழுதுவது, பொது விசாரணையில் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. இதுதான் தொழில்.

போன மாதம் பசிபிக் தீவு நாடுகளுக்கான ஒரு வட்டார வளர்ச்சி அமைப்பில் எரிசக்திக் கொள்கை ஆலோசகர் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். விளையாட்டாகத்தான் போட்டேன், சுருக்கப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. இடம் ஃபிஜித் தலைநகர் சுவா, 3 வருட ஒப்பந்தம். இரண்டு வாரத்தில் காணொளி நேர்காணல்.

வேலை விவரம் என்று 7 பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். ‘உறுப்பு நாடுகளுக்குக் கொள்கை ஆலோசனை’, ‘திறன் வளர்ப்பு’, ‘கொடையாளர் ஒருங்கிணைப்பு’. எல்லாம் சரி. திங்கட்கிழமை காலை போய் நாற்காலியில் உட்கார்ந்தால் கையில் என்ன வேலை இருக்கும் என்பது மட்டும் 7 பக்கத்தில் எங்கும் இல்லை.

இன்னொரு தயக்கம். துவாலுவில் மொத்த மக்கள் தொகையே 11,000 சொச்சம். நான் கணக்குப் பார்த்த ஒரு பிரிவு அலுவலகத்தில் மின் இணைப்புகளே அதைவிட அதிகம். அந்தப் பக்கம் பப்புவா நியூ கினி, ஒரு கோடியை ஒட்டிய மக்கள், பெரும்பாலான வீடுகளில் மின் இணைப்பே இல்லை. இவ்வளவு வேறுபட்ட நாடுகளுக்கு ஒரே அலுவலகம் என்ன ஆலோசனை சொல்ல முடியும்? கட்டணக் கணக்கு மட்டுமே தெரிந்த ஒருத்திக்கு அங்கே என்ன இடம்?

அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

#2 பவளத்திட்டு

நெய்தல், அங்கே 6 வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் என்ன செய்வீர்கள் என்பது தெரியாது. என்ன செய்ய முடியாது என்பது தெரியும். குக் தீவுகளோடு பேச முடியாது, அங்கே ஞாயிறு. சர்வதேசத் தேதிக்கோடு உங்கள் உறுப்பு நாடுகளுக்கு நடுவே ஓடுகிறது. சுவாவில் சனிக்கிழமை என்றால் குக் தீவுகளின் தலைநகர் இருக்கும் ரரோதோங்காவில் வெள்ளி. ஆகவே இரண்டு பக்கமும் சேர்ந்து அலுவலகத்தில் இருக்கும் நாள் வாரத்துக்கு 4. மேற்கே பலாவ் 3 மணி நேரம் பின்னால். சமோவா 2011 டிசம்பர் 30ஐக் காலண்டரிலிருந்தே தூக்கிவிட்டு இந்தப் பக்கம் தாவிய கதை தெரிந்திருக்கும். அதில் வியாபாரக் காரணம்தான் பெரிது, ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு வேலைநாள் கூடியது.

இப்போது ஏன் இப்படி ஒரு அமைப்பு என்று. பசிபிக் சமூகம் (எஸ்.பி.சி.) 1947ல் தொடங்கியது. தலைமையகம் நியூ கலிடோனியாவின் நூமியா, சுவாவில் பெரிய கிளை. பசிபிக் தீவுகள் மன்றத்தின் செயலகம் அதே சுவாவில். சுற்றுச்சூழலுக்கான அமைப்பு சமோவாவின் ஆப்பியாவில். மின் நிறுவனங்களின் சங்கம் மறுபடி சுவாவில். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான வட்டார மையம் 2017ல் டோங்காவில் திறந்தார்கள். யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்குத் தம்பி என்று புரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆகும். அந்த அரசியலை இப்போதைக்கு விடுங்கள்.

காரணம் எளிது. பெரும்பாலான சிறு நாடுகளில் எரிசக்தித் துறை என்பது ஒரு கட்டடத்தில் ஒரு அறை. ஒரு இயக்குநர், மூன்று நான்கு அலுவலர்கள். எரிபொருள் கப்பல் தாமதம் என்றால் அமைச்சருக்குப் பதில் சொல்வது அந்த இயக்குநர். காலநிலை மாநாட்டில் நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்காருவதும் அவர். கொடையாளர் குழு வந்தால் அழைத்துவர விமான நிலையத்துக்குப் போவதும் அவரே. அவரிடம் போய் மின்சாரச் சட்ட வரைவு, கட்டண மாதிரி, புள்ளிவிவர அறிக்கை எல்லாவற்றையும் கேட்டால் எங்கே போவார்? ஆளுக்கொரு நிபுணரை வேலைக்கு வைக்க எந்த நாட்டிடமும் பணம் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒருவரை வைக்கலாம். அந்த ஒருவர்தான் நீங்கள். ஆலோசகர் என்பது பட்டம். நடப்பில் நீங்கள் 14 நாடுகளின் நாலாவது அலுவலர்.

ஒரு உதாரணம். சேர்ந்த முதல் 3 மாதம் எனக்குக் கேலனில் போனது. ஒரு நாட்டின் மின் உற்பத்திக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிந்த டீசல், உற்பத்தியான யூனிட், இரண்டையும் வகுத்தால் லிட்டருக்கு 14 யூனிட் வந்தது. டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு 4 கொடுத்தாலே பெரிய விஷயம். ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் மொத்த வெப்பமே 10 யூனிட் அளவுதான். அந்த நாட்டு எஞ்சின் இயற்பியலையே தாண்டிவிட்டது! விஷயம் இவ்வளவுதான்: வடக்கே அமெரிக்காவோடு ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளில் எரிபொருளை அமெரிக்கக் கேலனில் அளக்கிறார்கள். 3.785 லிட்டர். யாரோ தலைப்பில் ‘லிட்டர்’ என்று அடித்துவிட்டார்கள். என்னைத் திகைக்க வைத்தது அதுவல்ல. அந்த எண் அதற்கு முன்பே இரண்டு ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கையில் அட்டவணையாக, வண்ணப் படமாக ஏறி, அதை வைத்து ‘இங்கே எரிபொருளை இன்னும் சிக்கனமாக்க வாய்ப்புக் குறைவு’ என்று முடிவும் எழுதியிருந்தார்கள்.

கட்டணக் கணக்கைப் பிரித்து மேய்ந்தவர் என்கிறீர்கள். இடமில்லையா உங்களுக்கு?

#3 முட்டுக்கட்டை

பவளத்திட்டு ஐயா அழகாக எழுதுகிறார். ஆனால் நெய்தல் உள்ளதை உள்ளபடி கேட்டார், எனவே மறுபக்கம்.

இந்த வட்டார அமைப்புகள் காகிதத் தொழிற்சாலைகள். 2010லிருந்து 2020 வரை எரிசக்திப் பாதுகாப்புக்கு ஒரு செயல்திட்டம். அது முடிந்ததும் 2021லிருந்து 2030 வரை இன்னொன்று, இந்த முறை தலைப்பில் ‘தாங்குதிறன்’ சேர்ந்துகொண்டது. டோங்கா 2020க்குள் பாதி மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது என்றது, எட்டவில்லை. குக் தீவுகள் 2020க்குள் முழுதும் என்றது, எட்டவில்லை. துவாலு 2020 என்றது, பிறகு 2025 என்றது. வருடம் மாறும், சதவீதம் மாறாது, அறிக்கையின் அட்டையில் அதே தென்னை மரம், அதே சோலார் பேனல்.

3 வருட ஒப்பந்தம், அதில் முதல் வருடம் கற்றுக்கொள்வது, கடைசி வருடம் அடுத்த வேலை தேடுவது. நடுவில் ஒரு வருடம் பயிலரங்கு. போங்கள், கடல் நன்றாக இருக்கும்.

#4 ஈரக்காற்று

முட்டுக்கட்டை சொல்வதில் பாதி நிஜம். நான் கொள்கை ஆள் இல்லை, கருவி நிறுவும் ஆள். அந்தத் தென்னை மரத்துக்குக் கீழே நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வெளித்தீவு. பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கும் மருந்தகத்துக்கும் கொடையாளர் பணத்தில் சோலார் போட்டு 4 வருடம் ஆகியிருந்தது. நான் வேறு வேலையாகப் போனேன், வந்ததுதான் வந்தீர்கள் இதையும் பாருங்கள் என்றார்கள். பேட்டரி அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் மகளைப் பார்க்க நியூசிலாந்து போய் 5 மாதம். கதவுக் கீலைக் கழற்றித்தான் உள்ளே போனோம். 24 பேட்டரிகள். முனைகளில் பச்சைப் பூஞ்சை மாதிரி பூத்திருந்தது. பாதி செல்களில் தகடு வெளியே தெரிகிற அளவு நீர் வற்றியிருந்தது. காய்ச்சி வடித்த நீர் தீர்ந்ததும் கூரைத் தொட்டியிலிருந்து மழைநீரை ஊற்றியிருக்கிறார்கள். பவளத்தீவில் காற்றிலேயே உப்பு, கூரையில் படிந்த உப்பு அந்த நீரில். ஊற்றியவர் மேல் தப்பே இல்லை. ஊற்றாமல் விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கும். சுவரில் பராமரிப்பு அட்டவணை அழகாகக் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. முதல் 7 மாதத்துக்குக் கையெழுத்து இருந்தது.

பேனல்கள் நன்றாகவே இருந்தன. பேனல் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், படம் எடுப்பது அதைத்தானே.

அப்புறம், செத்த பேட்டரியை என்ன செய்வது? தீவில் புதைத்தால் ஈயம் நன்னீர் லென்சுக்குள் (மணலுக்கடியில் உப்புநீர் மேல் மிதக்கும் நன்னீர்ப் படலம்) இறங்கும், அதுதான் குடிநீர். வெளியே அனுப்ப வேண்டுமென்றால் அபாயக் கழிவு, எந்த நாட்டுக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்துப் பாசல் உடன்படிக்கை அல்லது வைகானி உடன்படிக்கைப்படி அனுமதித் தாள்கள் வேண்டும். இரும்புச்சாமான் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. லித்தியம் என்றால் வரும்போதே அபாயச் சரக்கு. திட்ட அறிக்கையில் ‘வெளியேற்றம்’ என்று ஒரு பத்தி இருக்கும், நிதி இருக்காது.

ஆனால் காகிதம் எல்லாம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு காகிதம் என் வேலையை மாற்றியது. ஒன்று, பசிபிக் தீவுகளின் நிலைத்த எரிசக்தித் தொழில் சங்கமும் மின் நிறுவனங்கள் சங்கமும் சேர்ந்து கொண்டுவந்த நிறுவல் வழிகாட்டிகள். புயல் காற்றுக்குச் சட்டத்தை எப்படி முடுக்குவது, எந்த உலோகத்தோடு எதைச் சேர்க்கக்கூடாது, எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன் ஆளுக்கொரு விதமாகப் போட்டார்கள். 2015ல் பாம், 2016ல் வின்ஸ்டன், இரண்டு புயலிலும் பார்த்தோம்: ஒழுங்காக முடுக்கிய பேனல் நின்றது, மற்றது பக்கத்துத் தோப்பில் கிடந்தது. இரண்டாவது காகிதம் ஃபிரிட்ஜ் பற்றியது. அதைப் பவளத்திட்டு சொன்னால் நன்றாக இருக்கும்.

(துணுக்கு: சமோவாவிலும் வனுவாட்டுவிலும் உள்ள காற்றாலைகள் மடங்கக்கூடியவை. புயல் வருகிறது என்றால் கம்பத்தையே தரைக்குச் சாய்த்துக் கட்டிவிடுவார்கள். பார்க்க ஒட்டகம் படுப்பது போல இருக்கும்.)

#5 பவளத்திட்டு

முட்டுக்கட்டை, சதவீத இலக்குகள் பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவை மேடைக்காக எழுதப்பட்டவை, மேடையிலேயே முடிந்துவிடும். ஆனால் டோங்காவை நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள். 2010ல் அவர்கள் போட்ட வழித்திட்டத்தின் உண்மையான பலன் 50 சதவீதம் அல்ல. அதுவரை ஒவ்வொரு கொடையாளரும் தனக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ‘இதோ எங்கள் பட்டியல், இதற்குள் எது வேண்டுமோ கொடுங்கள்’ என்று ஒரு சின்ன நாடு சொல்ல முடிந்தது அதனால்தான். அந்தப் பட்டியலில் பழைய கிராம மின்பாதைகளை மாற்றுவதும் இருந்தது. மின் இழப்பு இறங்கியது. யாரும் ரிப்பன் வெட்டாத வேலை.

ஃபிரிட்ஜ் கதையும் அந்த வகைதான். 2012 வாக்கில் வீட்டுச் சாதனங்களுக்குத் தரமும் நட்சத்திர முத்திரையும் கொண்டுவர வட்டாரத் திட்டம் ஒன்று தொடங்கியது, ஆஸ்திரேலியப் பணம். தரம் கெட்ட ஃபிரிட்ஜ் எங்கெல்லாம் விற்க முடியாதோ, அது கப்பலேறித் தீவுகளுக்குத்தான் வரும். அது இழுக்கும் ஒவ்வொரு யூனிட்டும் டீசல். துறைமுகத்தில் சுங்க அலுவலர் தடுத்து நிறுத்த வேண்டுமென்றால் அவர் கையில் சட்டம் வேண்டும், சரக்குக் குறியீடு வேண்டும், பரிசோதனைச் சான்று செல்லுமா செல்லாதா என்று சொல்ல ஆள் வேண்டும். ஒவ்வொரு நாடும் தனியாக ஆய்வகம் கட்ட முடியாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துத் தரத்தையே ஏற்று, சட்ட வரைவைப் பொதுவாக எழுதி, நாட்டுக்கு நாடு ஏற்ற மாதிரி வெட்டித் தைத்தோம். சமோவா 2017ல் ஆற்றல் சிக்கனச் சட்டத்தையே நிறைவேற்றியது. இதைத்தான் ‘காகிதம்’ என்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே தையல் பொருந்தாது என்பதும் உண்மை. பலாவ், மார்ஷல் தீவுகளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஃபிஜி, சமோவா, டோங்காவில் 230, 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ‘வட்டாரக் கூட்டுக் கொள்முதல்’ என்று மேடையில் சொல்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், தண்ணீர் குடிப்பார்கள்.

#6 பீப்பாய்

எல்லோரும் சோலாரையே பேசுகிறீர்கள். 20 வருடம் சிங்கப்பூரில் எண்ணெய் வணிகத்தில் இருந்தவன், என் பங்குக்கு.

தீவு நாடுகளின் எரிசக்திக் கொள்கை என்றால் முக்கால்வாசி எண்ணெய்க் கொள்கை. இறக்குமதியாகும் எண்ணெயில் மின்சாரத்துக்குப் போவது ஒரு பங்குதான். மீதி கப்பல், படகு, லாரி, கார், விமானம். நாளைக்கே எல்லாக் கூரையிலும் பேனல் போட்டாலும் மீன்பிடிப் படகின் வெளிப்பொருத்து மோட்டாருக்குப் பெட்ரோல் வேண்டும்.

விலை எப்படி உருவாகிறது தெரியுமா? அடிப்படை சிங்கப்பூர்ச் சந்தை விலை. அதன் மேல் பெரிய டேங்கர் கூலி. ஃபிஜியில் வுண்டா மாதிரி ஒரு மையத்தில் இறக்கிச் சின்ன டேங்கரில் மாற்றி மற்ற நாடுகளுக்கு. அங்கே தொட்டிக் கட்டணம், வரி, லாபம். அங்கிருந்து வெளித்தீவுக்கு 200 லிட்டர் பீப்பாயில். கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நிற்கும், உள்ளே வர ஆழம் கிடையாது. பீப்பாயைப் படகில் இறக்கி, சில இடத்தில் கடலிலேயே மிதக்கவிட்டுத் தள்ளி, மணலில் உருட்டி ஏற்றுவார்கள். டீசல் தண்ணீரைவிட லேசு, நிறைந்த பீப்பாயும் மிதக்கும். அந்தப் பீப்பாய் கரை சேரும்போது அதன் விலையையும் சிங்கப்பூர் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இதில் கெட்டிக்காரத்தனம் செய்த நாடு சமோவா. எண்ணெய்த் தொட்டிகள் அரசின் சொத்து. சில வருடத்துக்கு ஒரு முறை ‘எங்கள் தொட்டியை யார் நிரப்புகிறீர்கள்’ என்று டெண்டர். மற்ற பல நாடுகளில் தொட்டி எண்ணெய் நிறுவனத்துடையது. அப்போது எதைக் காட்டிப் பேரம் பேசுவீர்கள்? போட்டிக்கு இன்னொருவர் வந்தாலும் இறக்கி வைக்க இடமில்லையே.

2008ல் விலை ஏறியபோது மார்ஷல் தீவுகள் நெருக்கடி நிலையே அறிவித்தது. அப்போதுதான் எல்லா நாடும் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம் என்ற பேச்சு சூடு பிடித்தது. காகிதத்தில் அருமை. நடக்கவில்லை. ஒருவர் ஒப்பந்தம் இந்த வருடம் முடியும், இன்னொருவருடையது 5 வருடம் கழித்து. ஒருவரிடம் தொட்டி உண்டு, இன்னொருவரிடம் இல்லை. விலை இறங்கியதும் ஆர்வமும் இறங்கியது.

நெய்தல், ஒரு யோசனை. போனதும் எண்ணெய் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தரமாட்டார்கள், வணிக ரகசியம் என்பார்கள். விடாதீர்கள். விலைச் சூத்திரத்தில் கப்பல் கூலியைக் கணக்கிடும் பகுதி ஒன்று இருக்கும். காசு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

#7 அனலை

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியைச் சேர்ந்தவன், இப்போது நியூசிலாந்தில். நீங்கள் எழுதுவதை வாசிக்க வாசிக்க எங்கட நெடுந்தீவுதான் கண்ணுக்குள்ள வருது. அங்கேயும் நெடுங்காலமாக டீசல் ஜெனரேட்டர்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரியசக்தி, காற்று, பேட்டரி கலந்த திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்தியாவின் 1.1 கோடி டாலர் மானியத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு முதல் அது சீனக் கம்பெனிக்குப் போக இருந்தது. சின்னத் தீவில் ஒரு பேட்டரி வைக்கவே இரண்டு வல்லரசு மூக்கை நுழைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பசிபிக்கிலும் இதே கதைதான், அளவுதான் பெரிசு.

நான் கேட்க வந்தது வேறு. நியூசிலாந்தின் கீழுள்ள டோக்கெலாவ் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே? 2012ல் மூன்று தீவையும் சூரியசக்திக்கு மாற்றினார்கள். நியூசிலாந்துப் பணம், 4,032 பேனல். இங்கே செய்தியில் பெரிசாகப் போட்டார்கள். அது வெற்றிதானே?

#8 ஈரக்காற்று

வெற்றிதான், அனலை. 1,500 பேர் சொச்சம் வாழும் இடம், விமான நிலையம் கிடையாது, சமோவாவிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கு மேல். அங்கே 1,344 பேட்டரியையும் இறக்கி ஓட வைத்தது சாதாரண வேலை இல்லை. ஆனால் மின்சாரம் நாள் முழுக்க வந்ததும் ஃப்ரீசர்கள் கூடின, தேவை ஏறியது, டீசல் மறுபடி தலைகாட்டியது. இது தோல்வி அல்ல. மின்சாரம் கிடைத்தால் மனிதர் பயன்படுத்தத்தானே செய்வார்கள். பேட்டரிக்கு வயது உண்டு என்பதும் தேவை வளரும் என்பதும் 2012லேயே தெரியும். அதற்கான பணம் யார் பையில் என்பதுதான் கேள்வி.

#9 நெய்தல்

அப்படியானால் அது கட்டணக் கேள்விதானே? பேட்டரி மாற்றும் செலவை மாதக் கட்டணத்தில் சேர்த்து ஒதுக்கு நிதியாக வைத்துவிட்டால் முடிந்தது. எங்களூர்க் கணக்குத்தாளில் தேய்மானச் செலவுக்கென்று தனி வரியே உண்டு. அங்கே ஏன் செய்வதில்லை?

#10 பவளத்திட்டு

‘முடிந்தது’ என்று எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள் நெய்தல். நானும் முதல் வருடம் இதையேதான் எழுதினேன்.

ஒரு கணக்குப் போடுவோம். கற்பனை எண்தான். ஒரு வீட்டுப் பேட்டரி 600 டாலர், 8 வருடம் ஓடும். 96 மாதம். மாதம் 6 டாலர் 25 சென்ட். இது பேட்டரிக்கு மட்டும், தொழில்நுட்பரின் சம்பளமோ இன்வெர்ட்டரோ சேர்க்கவில்லை. கிராமக் குழு கூடி மாதம் 5 டாலர் என்று முடிவு செய்கிறது. ஏன் 5? முன்பு விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க ஏறக்குறைய அவ்வளவுதான் ஆனது. அதற்கு மேல் கேட்க அவர்களுக்கே மனமில்லை. தேங்காய்ப் பருப்பு விலை இறங்கிய மாதத்தில் அந்த 5ம் வராது. வசூலிப்பவர் அத்தை மகன். மருமகளுக்குப் பிரசவம் என்று பெட்டியிலிருந்து கடன் போகும். அது திருட்டு அல்ல. அந்த ஊரின் நியாயப்படி பெட்டியில் பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வதுதான் தப்பு.

8 வருடம் கழித்துப் பேட்டரி சாகும்போது பெட்டியில் பணம் இருக்காது. அந்த நேரம் பார்த்து இன்னொரு கொடையாளர் புது அமைப்போடு வருவார். அவர் வருவார் என்று தெரிந்தால் யார் சேமிப்பார்கள்?

இது புதிதும் அல்ல. கிரிபாட்டியில் (வாயில் சொல்லும்போது கிரிபாஸ்) 1984லேயே ஒரு சோலார் நிறுவனம் தொடங்கினார்கள். வீடுகளுக்குப் பேனல் விற்றார்கள், பராமரிப்பு வாங்கியவர் பாடு. சில வருடத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலானவை சரியாக ஓடவில்லை. பிறகு முறையையே மாற்றினார்கள். பொருள் நிறுவனத்துடையது, வீட்டுக்காரர் மாதக் கட்டணம் கட்டுவார், தீவிலேயே இருக்கும் தொழில்நுட்பர் வந்து பார்ப்பார். அது எவ்வளவோ மேல். துவாலுவில் அதே காலத்தில் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கியது, நன்றாக ஓடி, பிறகு நிர்வாகத்தில் விழுந்தது. 40 வருடமாக இந்தப் பாடப்புத்தகம் திறந்துதான் இருக்கிறது.

ஆகவே உங்கள் தேய்மான வரியை எழுதுவது 10 நிமிட வேலை. அந்தப் பணம் கிராமப் பெட்டியில் இருக்குமா, தலைநகர் வங்கியில் இருக்குமா, தலைநகர் நுகர்வோர் வெளித்தீவுக்காகக் கொஞ்சம் கூடக் கட்ட வேண்டுமா, நாடு முழுக்க ஒரே கட்டணம் என்றால் அந்த இடைவெளியை மின் நிறுவனம் தாங்குமா, அமைச்சரவை தாங்குமா: இதுதான் 3 வருட வேலை. வனுவாட்டு, சமோவா மாதிரி சில இடங்களில் ஒழுங்குமுறை ஆணையமும் உண்டு. நீங்கள் பார்த்ததோடு ஒப்பிட்டால் கைக்கு அடக்கமானவை, விரைவாகப் பேச முடியும். மற்ற இடங்களில் அமைச்சரோடு நேராகப் பேசுவீர்கள். விமானத்தில் பக்கத்து இருக்கையில்கூட உட்கார்ந்திருப்பார்.

#11 முட்டுக்கட்டை

இப்போதுதான் உருப்படியாகப் பேசுகிறீர்கள். சரி, ‘காகிதத் தொழிற்சாலை’யில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள் ஐயா. கொடையாளர் வந்து புதுசு கொடுப்பதால்தான் பழசு சாகிறது என்று உங்களுக்கே தெரிகிறது. அதே கொடையாளரின் திட்டப் பணத்தில்தானே உங்கள் சம்பளமும்? அவர்களிடம் ‘கொடுக்காதீர்கள், பழையதைப் பராமரிக்கப் பணம் தாருங்கள்’ என்று எத்தனை முறை சொன்னீர்கள்?

#12 பவளத்திட்டு

இரண்டு முறை. ஒரு முறை சிரித்தார்கள். இன்னொரு முறை, திறப்பு விழாவுக்குத் தூதர் வருவதற்கு ஒரு மாதம் முன் என்பதால், ‘அடுத்த கட்டத்தில் பார்ப்போம்’ என்றார்கள். மூன்றாம் முறை நான் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வருடம் அது. நீங்கள் கேட்டதால் ஒப்புக்கொள்கிறேன்.

#13 அலையாத்தி

கொள்கையை எல்லாம் பேசிவிட்டீர்கள், அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கை பற்றி யாரும் சொல்லவில்லை. என் கணவர் வேறொரு வட்டார அமைப்பில் இருந்தார், 4 வருடம் சுவாவில் குடியிருந்தோம்.

மழை. அதுதான் முதல் தகவல். அதே தீவின் மேற்கே நாண்டி பக்கம் வெயில் அடிக்கும், சுவாவில் தோல் செருப்புக்குப் பூஞ்சை பிடிக்கும். சம்பளம் பற்றி: எஸ்.பி.சி. மாதிரி அமைப்புகளில் அதை ஐ.எம்.எஃப். கணக்கு அலகான எஸ்.டி.ஆரில் நிர்ணயித்து ஃபிஜி டாலரில் தருவார்கள். நேர்காணலில் அந்த எண்ணைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று முகம் சுளிக்காதீர்கள், மாற்றிப் பார்த்துவிட்டுச் சுளியுங்கள்.

பயணம் நிறைய இருக்கும். துவாலுத் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் விமான ஓடுபாதையில்தான் மாலையில் பந்து விளையாடுவார்கள். விமானம் வருகிறது என்றால் சைரன் ஊதும், எல்லோரும் விலகுவார்கள். ஒரு விமானம் ரத்தானால் உங்கள் 3 நாள் பயணம் ஒரு வாரம். மாற்றுத் துணி எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு விஷயம் உங்களை உலுக்கும். கடைப் பலகைகளில் கவுண்டர், பிள்ளை, நாயுடு என்று பெயர் பார்ப்பீர்கள். 1903லிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தென்னிந்தியர்களின் வாரிசுகள். ஆசையாகத் தமிழில் பேச ஆரம்பிப்பீர்கள். அவர்கள் அன்பாகச் சிரித்து ஃபிஜி இந்தியில் பதில் சொல்வார்கள். முருகன் கோயில் நாண்டியில், கோபுரம் நம்மூர்க் கோபுரமேதான். முதல் தடவை நின்று அழுதேன்.

#14 பீப்பாய்

அம்மா எழுதியதற்கு அப்புறம் எண்ணெய் பேச மனம் வரவில்லை. இருந்தாலும் நெய்தல், நேர்காணலில் கப்பல் போக்குவரத்து பற்றிக் கேட்டால் தயாராக இருங்கள். உலகக் கடல் அமைப்பில் கப்பல் புகைக்குக் கட்டணம் கேட்டுப் போராடிய முன்வரிசையில் பசிபிக் நாடுகள் உண்டு. 2025 அக்டோபரில் அந்த முடிவை ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். உங்கள் 3 வருடத்துக்குள் அது கட்டாயம் மேசைக்கு வரும்.

#15 நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. நேற்று நேர்காணல் முடிந்தது.

மூன்று பேர். 40 நிமிடம். எண்ணெய் ஒப்பந்தம் பற்றிக் கேட்டார்கள், பீப்பாய் ஐயா புண்ணியத்தில் தொட்டி யாருடையது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். தலையாட்டினார்கள். கப்பல் பற்றிக் கேட்கவில்லை. பராமரிப்பு நிதி பற்றி ஒருவர் கேட்டார். தேய்மான வரி என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டு ‘பணத்தை யார் வைத்திருப்பார் என்பதிலிருந்து பேசலாமா’ என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

கடைசிக் கேள்வி: “ஒரு நாட்டின் அமைச்சர் மின்கட்டணத்தைப் பாதியாகக் குறைக்க வழி கேட்கிறார். அவர் அலுவலகம் ஒரு கணக்குத்தாளை உங்களுக்கு அனுப்புகிறது. முதலில் என்ன செய்வீர்கள்?”

“டீசல் லிட்டரா, கேலனா என்று கேட்பேன்” என்றேன்.

நடுவில் இருந்த அம்மையார் உரக்கச் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவருக்குப் புரியவில்லை, அவருக்கு விளக்கவே 2 நிமிடம் போனது.

முடிவைத் திங்கட்கிழமை சொல்கிறார்களாம். அந்த அம்மையார் பேசியது ரரோதோங்காவிலிருந்து. எந்தப் பக்கத்துத் திங்கட்கிழமை என்று கேட்க மறந்துவிட்டேன்.